மலை சைக்கிளும் நீலகிரித் தடங்களும்: அனுமதி யாரிடம் இருக்கிறது?

பல வருடங்களாக யாரும் ஒன்றும் சொல்லாத தடத்தின் வாயிலில் ஒரு நாள் சங்கிலி தொங்குகிறது. இன்னோரிடத்தில் வனக்காவலர் வண்டியை நிறுத்தி, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்கிறார். அதே ஊரில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, எஸ்டேட் வாட்ச்மேன் தானாகவே கேட்டைத் திறந்துவிடுகிறார். நீலகிரியில் மலை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது பழகிப்போன குழப்பம். தடங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்று சேர வேண்டும் என்ற பேச்சும் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் சேர்ந்தவர்கள் யாரிடம் போய் நிற்பது, எதைக் கேட்பது என்பது தெளிவாகாதவரை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவால் பெரிய பயன் விளையாது. மலைத்தடத்தில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று தனியாக ஒரு சட்டம் இல்லை. ஓட்டலாம் என்று சொல்லும் சட்டமும் இல்லை. காலடியில் இருக்கும் நிலம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

தடங்கள் வந்த வழி

நீலகிரியில் சைக்கிள் ஓடும் தடங்களில் ஏறத்தாழ எல்லாமே வேறு காரியத்துக்காக உண்டானவை. தேயிலை எஸ்டேட்டுகளின் வண்டிப்பாதைகள், படகர் ஊர்களான ஹட்டிகளுக்கு இடையிலான ஒற்றையடிப் பாதைகள், குந்தா நீர்மின் திட்டத்துக்காக மின்வாரியம் அமைத்த பாதைகள், காட்டுத்தீ பரவாமலிருக்க வனத்துறை செதுக்கி வைக்கும் தீத்தடுப்புக் கோடுகள், மோட்டார் வண்டிக்கு முந்தைய காலத்துக் குதிரைப் பாதைகள் எனப் பட்டியல் நீளும். ஜான் சல்லிவன் கோவை ஆட்சியராக இருந்த காலத்தில், 1820களின் தொடக்கத்தில், சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும்படி ஆங்கிலேயர் ஒரு மலைப்பாதை போட்டார்கள். அதற்கு எவ்வளவோ காலம் முன்பே தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோரின் நடைபாதைகள் மலையெங்கும் ஓடின.

ஆகவே எந்தத் தடத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் சைக்கிள்காரருக்கு முன்பே உரிமையோ வழக்கமோ உள்ள ஒருவர் இருக்கிறார். “எங்கள் தடங்கள்” என்று தொடங்கும் மனுக்கள் முதல் வரியிலேயே தடுமாறுவது இதனால்தான்.

ஸ்ட்ராவா போன்ற செயலிகள் ஓட்டுபவர்களின் ஜிபிஎஸ் பதிவுகளைத் திரட்டி, எந்தப் பாதையில் எவ்வளவு பேர் ஓடினார்கள் என்று வண்ண வரைபடமாகக் காட்டுகின்றன. குன்னூரில் பத்துப் பேருக்கு மட்டும் தெரிந்திருந்த தடம் அதன் வழியே கோவைக்கும் பெங்களூருக்கும் தெரிந்துவிடுகிறது. வரைபடத்தில் ஊர்ப்பாதையும் தீத்தடுப்புக் கோடும் ஒரே நிறத்தில்தான் ஒளிரும். சங்கிலிகள் பெருகியதில் இதற்கும் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

நிலத்துக்கு நிலம் மாறும் சட்டம்

மாவட்டத்தின் பரப்பில் பாதிக்கு மேல் வனம். மீதியிலும் பல வகை நிலங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரே மாலை ஓட்டத்தில் நான்கு வகை நிலங்களைக் கடந்துவிட முடியும். எல்லைக்கல்லைத் தவிர வேறு அடையாளம் எதுவும் இருக்காது.

1. புலிகள் காப்பகமும் தேசியப் பூங்காவும். முதுமலை புலிகள் காப்பகத்தின் மொத்தப் பரப்பு 688.59 சதுர கிலோமீட்டர். அதில் 321 சதுர கிலோமீட்டர் உள்வட்டம், மீதி வெளிவட்டம். முக்குருத்தி தேசியப் பூங்கா 78.46 சதுர கிலோமீட்டர். சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28ஆம் பிரிவுகள் வரையறுக்கின்றன. அவை தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவருக்கு 27ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. கூடலூரிலிருந்து தொரப்பள்ளி, தெப்பக்காடு வழியாகச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர் பகலில் சட்டப்படிதான் போகிறார். சாலையை விட்டு இறங்கியவுடன் அந்த விலக்கு முடிந்துவிடுகிறது. வெளிவட்டத்தில் மசினகுடி போன்ற ஊர்களும் பட்டா நிலங்களும் இருந்தாலும், அங்கேதான் சீகூர் யானை வழித்தடமும் இருக்கிறது. 2010இல் தமிழக அரசு அறிவித்த அந்த வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. இந்தப் பகுதியில் தடம் கேட்பது வீண் வேலை மட்டுமல்ல, மற்ற இடங்களில் கேட்பதற்கும் அது கெட்ட பெயர் வாங்கித் தரும்.

2. காப்புக்காடு. இங்கே செல்லுபடியாவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம். அனுமதியின்றி நுழைவதை அதன் 21ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஒரு நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்படும்போது, வழி உரிமை உள்ளிட்ட கோரிக்கைகளைக் கேட்டு முடிவுசெய்ய வன நிர்ணய அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். அப்போது கோரப்படாத உரிமைகள் அற்றுப்போகின்றன. அதன் பிறகு அரசு வழங்கினாலன்றிப் புதிதாக எந்த உரிமையும் உண்டாவதில்லை. ஊட்டி–கூடலூர் சாலையை ஒட்டிய வென்லாக் டவுன்ஸ் புல்வெளிகள் வெட்டவெளியாகக் கிடப்பதால் பொது இடம் என்று நினைப்பவர்கள் ஏராளம். அதுவும் காப்புக்காடுதான்.

3. எஸ்டேட் நிலம். தனியார் எஸ்டேட்டில் உரிமையாளரின் அனுமதி போதும்; அதுவே முழுமையாகவும் வேண்டும். அரசுக்குச் சொந்தமான டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) எஸ்டேட்டுகளின் கதை வேறு. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காக வனநிலத்தில் தேயிலை நட்டுத் தொடங்கப்பட்டவை அவை. நிலம் வனத்துறையுடையது, டான்டீ குத்தகைதாரர். அந்த நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க 2022இல் அரசு முடிவெடுத்தது. அங்கே மேனேஜர் வாய்மொழியாகச் சொன்ன “சரி, போய்க்கோங்க” என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

4. பாதை புறம்போக்கு. கிராம வரைபடத்திலும் புல வரைபடத்திலும் வண்டிப்பாதை, நடைபாதை என்று குறிக்கப்பட்டு, வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பாதை என்றே பதிவான நிலம் இது. பொதுமக்கள் அனைவரும் நடக்கலாம் என்பதால், யாரிடமும் கையேந்தாமல் நிற்கக்கூடிய ஒரே இடம் இதுதான். தங்கள் தடங்களில் எவையெல்லாம் இந்த வகைக்குள் வருகின்றன என்பதை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் சரிபார்ப்பதே இல்லை என்பது வியப்புக்குரியது. அரசின் இணையச் சேவைத் தளத்தில் புல எண் கொடுத்தால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளக்கூடிய விவரம் இது.

“இருபது வருஷமா ஓட்டுறோம்” என்ற வாதம்

மனுக்களில் தவறாமல் இடம்பெறும் வாதம் இது. தற்செயலாக, இதற்கான சட்டமும் 1882ஆம் ஆண்டைச் சேர்ந்ததே. இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, ஒரு வழியை 20 ஆண்டுகள் இடையறாமல், வெளிப்படையாக, உரிமை என்ற முறையில் பயன்படுத்திவந்தால் அது நிலையான உரிமையாக முடியும்; அரசு நிலமானால் 30 ஆண்டுகள். கேட்பதற்கு நம்பிக்கையூட்டும் இந்தப் பிரிவு சைக்கிள்காரருக்கு மூன்று இடங்களில் கைகொடுக்காமல் போகிறது.

முதலாவதாக, வசதியுரிமை என்பது ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்தின்மேல் இருக்கும் உரிமை. தன் தோட்டத்துக்குப் போகப் பக்கத்து நிலத்தைக் கடக்கும் விவசாயிக்கு அது உண்டு. டவுனிலிருந்து பொழுதுபோக்குக்காக வருபவருக்கு அப்படிப்பட்ட நிலம் கிடையாது. இரண்டாவதாக, அனுமதி பெற்று அனுபவித்த காலம் கணக்கில் சேராது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்ட ஒவ்வொரு நாளும் உரிமைக்குச் சான்று என்று நினைத்தால், உண்மையில் அது உரிமையாளரின் அனுமதிக்கே சான்று. மூன்றாவதாக, காப்புக்காட்டுக்குள் இந்த வாதம் நுழையவே முடியாது என்பதை மேலே பார்த்தோம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை மேற்கோள் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அச்சட்டம் பழங்குடியினருக்கும் காட்டைச் சார்ந்து பரம்பரையாக வாழ்பவர்களுக்கும் உரியது. விளையாட்டுக்காகக் காட்டுக்குள் போவோர் அதன் நிழலில் ஒதுங்க முயல்வது சட்டப்படியும் செல்லாது, நியாயப்படியும் செல்லாது.

எனவே கோரவேண்டியது உரிமையன்று, எழுத்திலான அனுமதி. வசதியுரிமைச் சட்டமே 52ஆம் பிரிவில் இதை உரிமம் என்று தனியாக வகைப்படுத்துகிறது. உரிமம் கொடுத்தவர் பெரும்பாலும் அதைத் திரும்பப் பெறவும் முடியும் என்பதால் இதைப் பலவீனமாகக் கருதுபவர்கள் உண்டு. நடைமுறையில் அதுவே அதன் பலம்: எந்நேரமும் விலக்கிக்கொள்ளலாம் என்ற நிம்மதி இருந்தால்தான் எஸ்டேட் நிர்வாகம் கையெழுத்திடும்.

மண்ணுக்கு என்ன ஆகிறது

அனுமதி கேட்கப் போகும்போது எதிர்கொள்ளவேண்டிய முதல் ஆட்சேபம், சைக்கிள் மண்ணைக் கரைக்கிறது என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானாவில் நடைபயணி, குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஆய்வில் அதிகமாக மண்ணைப் பெயர்த்தது குதிரைதான். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2001இல் வெளியான இன்னோர் ஆய்வு, செடிகொடிகளின்மீது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் ஏற்படுத்தும் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. மனுவோடு இணைக்கத் தோன்றும் ஆய்வுகள்தாம். ஆனால் 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2009 நவம்பரில் மாவட்டத்தில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட மலைக்கு மிதமான மழைநாட்டுக் கணக்கை அப்படியே பொருத்திக் காட்டினால் வன அலுவலர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

சேதம் எப்படி நிகழ்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. சரிவில் நேர்க்கீழாக இறங்கும் குறுக்குப்பாதை ஒன்றில், வளைவுக்குச் சற்று மேலே ஓட்டுபவர் பின் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறார். சக்கரம் சுற்றாமல் இழுபட்டு, மேலே மெத்தென்று கிடந்த சீகை மரச் சருகையும் அதன் கீழிருக்கும் கருமண்ணையும் ஒதுக்கி, விரலகலத்துக்கு ஒரு கோடு போடுகிறது. அடுத்த மழையில் பாதையின் குறுக்கே வழிந்து போயிருக்க வேண்டிய தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடுகிறது. ஒரு பருவமழை முடிவதற்குள் கோடு வாய்க்காலாகி, அடியிலிருக்கும் செம்மண் தெரியத் தொடங்குகிறது. அடுத்து வருபவர்கள் வாய்க்காலைத் தவிர்த்துப் பக்கத்துப் புல்லில் ஓட்ட, பாதை அகலமாகிறது. கெடுத்தது சைக்கிளா தண்ணீரா என்றால் தண்ணீர்தான். அதற்கு வழி காட்டியது சைக்கிள்.

தடம் அமைப்பவர்கள் இதற்கென்று ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தடத்தின் சரிவு, அது ஓடும் மலைச்சரிவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மலை 30 சதவீதம் சரிந்தால் தடம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தடம் முழுவதற்குமான சராசரிச் சரிவு 10 சதவீதத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது. பாதையின் வெளி ஓரம் லேசாகத் தாழ்ந்து, ஆங்காங்கே இறக்கத்தின் நடுவே சிறு ஏற்றம் வந்தால் தண்ணீர் தேங்காமல் வெளியேறிவிடும். வண்டியும் பாரமும் ஏறுவதற்காகப் போடப்பட்ட பழைய எஸ்டேட் பாதைகள் பல இந்த அளவுக்குள் இயல்பாகவே அடங்குகின்றன. ஓட்டுபவர்கள் விரும்பும் செங்குத்துக் குறுக்குப்பாதைகள்தாம் அடங்குவதில்லை. விருப்பமானதை விட்டுக்கொடுத்து நிலைக்கக்கூடியதைக் கேட்பது என்ற முடிவு இங்கேயே எடுக்கப்பட வேண்டும்.

பருவத்துக்கும் ஒரே நாட்காட்டி போதாது. குந்தா, அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது. குன்னூரும் கோத்தகிரியும் பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையில். ஒரு பக்கம் மூடியிருக்கும்போது மறுபக்கம் ஓட்டலாம் என்பது நீலகிரிக்கே உரிய வசதி. சக்கரத்தில் ஒட்டிய சேற்றோடு அந்நியக் களைகளின் விதை அதே வேகத்தில் இந்தப் பக்கமும் வந்து சேரும் என்பது அதன் மறுபுறம். டயரைக் கழுவாமல் சோலைக்காட்டு ஓரத்துக்குப் போவதை விதியாகவே தடுக்க வேண்டும்.

விலங்கும் வேலையாட்களும்

மண்ணைவிடக் கடினமான ஆட்சேபம் இது. நடப்பவரின் பேச்சும் காலடியும் காட்டுமாட்டுக்கு முன்கூட்டியே கேட்கும். சைக்கிள் சத்தமின்றி, நடையைப் போல நான்கைந்து மடங்கு வேகத்தில் வருகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே படுத்திருக்கும் காட்டுமாடோ, வளைவுக்கு அப்பால் கொய்யா தின்னும் கரடியோ விலகுவதற்குக் கிடைக்கும் நேரம் சில நொடிகள். 2016இல் மொன்டானாவில் காட்டுத்தடத்தில் வேகமாக வந்த சைக்கிள்காரர் ஒருவர் கரடிமீது மோதி, அதன் தாக்குதலில் உயிரிழந்தார். நீலகிரியில் அப்படி ஒன்று நேர்ந்தால் மூடப்படுவது அந்த ஒரு தடமாக இருக்காது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் இறந்த பின் மாநிலம் முழுவதும் என்ன நடந்தது என்பதே இதற்குச் சாட்சி. மலையேற்றத்துக்கென்றே அந்த ஆண்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் ட்ரெக் தமிழ்நாடு திட்டம் தொடங்கும்வரை பல பாதைகளின் நிலை குழப்பமாகவே இருந்தது.

ஆகவே அதிகாலையும் அந்தியும் ஓட்டமில்லை, பார்வை மறையும் வளைவில் மணியடித்து வேகம் குறைத்தல், காட்டுத்தீக் காலத்தில் காட்டோரத் தடங்களைத் தாங்களாகவே மூடுதல் ஆகியவற்றைக் கோரிக்கையோடு சேர்த்தே எழுதிக் கொடுக்க வேண்டும். வனத்துறை நிபந்தனை விதிக்கும்வரை காத்திருந்தால் அது இதைவிடக் கடுமையாகத்தான் வரும்.

எஸ்டேட்டில் இன்னொன்று. மாலையில் கொழுந்து மூட்டையைத் தலையில் தாங்கி எடை போடும் இடத்துக்குப் பெண்கள் வரிசையாக இறங்கிவரும் பாதையும், சைக்கிள்காரர்கள் ஓட்டும் பாதையும் பல இடங்களில் ஒன்றே. மூட்டையோடு ஒதுங்கி நிற்க அங்கே இடமிருக்காது. சைக்கிளால் தொழிலாளர்களுக்கு இடைஞ்சல் என்று மேனேஜர்கள் சொல்வதைச் சாக்குப்போக்காக எடுத்துக்கொள்பவர்கள் அந்த நேரத்தில் அங்கே ஒருமுறை நின்று பார்க்கலாம்.

வெளிநாட்டு முன்னுதாரணங்கள்

1970களில் மலை சைக்கிள் உருவான கலிஃபோர்னியாவிலேயே அடுத்த பத்தாண்டில் தடங்கள் வரிசையாக மூடப்பட்டன. அதன் விளைவாக 1988இல் ஐந்து உள்ளூர்ச் சங்கங்கள் சேர்ந்து சர்வதேச மலை சைக்கிள் சங்கத்தைத் தொடங்கின. 1994இல் அது, தன்னை எதிர்த்துவந்த சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும், சைக்கிள் உட்பட, பெரும்பாலான நிலங்களில் செல்லும் உரிமையைத் தந்தது. இந்த ஸ்காட்லாந்து மேற்கோள் இங்கே மனுக்களில் அடிக்கடி எடுபடாமல் போவதில் வியப்பில்லை. அங்கே யானை இல்லை. கலிஃபோர்னிய அனுபவம்தான் நமக்கு நெருக்கம். அங்கே கைகொடுத்தது போராட்டத்தைவிட, தடங்களைச் சீரமைக்கும் மண்வெட்டி வேலையைத் தாங்களே ஏற்றுக்கொண்டது.

இங்கே சேர்வது எப்படி

1. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவுசெய்யலாம். வாட்ஸ்அப் குழுவுக்கு எந்த நிர்வாகமும் கடிதம் எழுதாது. பதிவும் வங்கிக் கணக்கும் உறுப்பினர்களுக்கான குழு விபத்துக் காப்பீடும் இருந்தால், விழுந்து கையை முறித்துக்கொண்டவர் தங்கள்மேல் வழக்குப் போடுவாரோ என்ற எஸ்டேட்காரர்களின் அச்சம் பெருமளவு தணியும்.

2. அடுத்தது கணக்கெடுப்பு. ஒவ்வொரு தடத்தையும் புல எண் வாரியாகப் பிரித்து, எது பாதை புறம்போக்கு, எது பட்டா, எது வனம் என்று எழுத வேண்டும். புலிகள் காப்பகத்திலும் அனுமதியற்ற காப்புக்காட்டிலும் ஓடும் பகுதிகளைச் செயலிகளிலிருந்து நீக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சங்கத்துக்குள் முதல் சண்டை இங்கேதான் வரும். மிகவும் பிடித்த இறக்கங்கள் அந்தப் பகுதிகளில்தான் இருக்கும்.

3. ஊரைக் கேட்பது. ஹட்டியின் பாதையை ஊர்ப் பெரியவர்களிடமும், மந்து எனப்படும் தோடர் குடியிருப்பை ஒட்டிய புல்வெளியை அங்கே வசிப்பவர்களிடமும் கேட்காமல், அலுவலகக் கடிதத்தோடு போய் நிற்பது அதோடு முடிந்த கதையாகிவிடும். மந்தின் கோயில் இருக்கும் இடங்களில் எந்தத் தடமும் வேண்டாம்.

4. வனத்துறையிடம் புதுத் தடம் கேட்பதைவிட, ஏற்கெனவே ஆட்கள் நடக்க அனுமதியுள்ள பாதைகளில் ஒன்றிரண்டைக் குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட எண்ணிக்கையில், வழிகாட்டியுடன் சைக்கிளுக்குத் திறக்கும்படி கேட்பது நடக்கக்கூடியது. கோத்தகிரி லாங்வுட் சோலையை உள்ளூர் மக்கள் குழு அமைத்துக் காத்துவந்த விதம் துறைக்கு நன்கு தெரிந்த முன்மாதிரி. களை அகற்றுதலிலும் தீத்தடுப்பிலும் கை கொடுத்த சங்கத்தின் மனு வேறு விதமாகப் படிக்கப்படும். அனுமதி வருவதற்கு முன்பே நல்லெண்ணத்தில் மண்வெட்டியோடு உள்ளே போகக் கூடாது. காப்புக்காட்டில் மண்ணை வெட்டுவதே குற்றம்.

5. எஸ்டேட் அனுமதிக் கடிதத்தில் தடத்தின் பெயர், புல எண்கள், கிழமை, நேரம், ஒரு நாளைக்கு எத்தனை பேர், மருந்தடிக்கும் நாட்களில் மூடல், ஓராண்டுக் காலவரை ஆகியவை இருக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. உரிமம் பெற்றவர் அதை நம்பித் தன் செலவில் நிலையான கட்டுமானம் செய்துவிட்டால் உரிமத்தை விலக்க முடியாது என்கிறது வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. சங்கம் பாசத்தோடு கட்டிக்கொடுக்கும் கல்தளத்தையும் மரப்பாலத்தையும் எஸ்டேட் வழக்கறிஞர் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். தடத்தில் செய்யும் எந்த வேலையையும் காட்டி உரிமை கோரமாட்டோம், கேட்டால் அகற்றிவிடுவோம் என்று சங்கமே முன்வந்து ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் அந்தத் தடை விலகும். கட்டணம் வாங்கி விருந்தினர்களை அழைத்துச் செல்லும் நிறுவனங்களும் மின்சார சைக்கிள்களும் அந்தக் கடிதத்தின்கீழ் வருமா வராதா என்பதையும் முதல் கடிதத்திலேயே தீர்த்துவிட வேண்டும். பிற்பாடு சேர்ப்பதென்றால் நிர்வாகம் முழுக் கடிதத்தையும் மறுபடி வழக்கறிஞரிடம் அனுப்பும்.